கடைமடையும் கணனியும்

தம்பிலுவிலுக்கு மேற்கே, குடிமனைகள் முடிந்து வயல்வெளி தொடங்கும் எல்லையில், சிறுபோகக் காலத்து இரவுகளில் ரோச் வெளிச்சம் ஒன்று வாய்க்கால் கட்டின்மீது மெல்ல நகர்ந்து செல்வதை அக்காலத்துச் சிறுவர்கள் கண்டிருக்கின்றனர். கொள்ளிவாய்ப் பிசாசு என்று அஞ்சிக் கதவடைத்தோரும் உண்டு. அந்த வெளிச்சத்துக்குரியவரின் மூத்த மகனுக்கு மட்டும் அச்சம் தோன்றியதில்லை. அது தன் தந்தை என்பதும், அவர் தோளில் மண்வெட்டி இருப்பதும், சட்டைப் பையில் கறைபடிந்த கொப்பி ஒன்று இருப்பதும் அவனுக்குத் தெரியும். தந்தை அவ்வட்டைக்கு வட்டவிதானையார்.

மட்டக்களப்புப் பிரதேசத்து வேளாண்மை வாழ்வில் வட்டவிதானை என்ற பதவி பழைமையானது. ஒரு வட்டையின் வயல்களுக்கு நீரைப் பங்கிடுதல், வாய்க்கால்களைத் துப்புரவாக வைத்தல், வேலிகளையும் காவலையும் கவனித்தல், வரம்புச் சண்டைகளைத் தீர்த்தல் என்பன அவருடைய கடமைகள். ஊதியம் நெல்லாகக் கிடைக்கும். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய நீர்ப்பாசனத் தலைமைக்காரரின் இடத்தில் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. ஆயினும் சட்டப் புத்தகத்தில் மறைந்த அப்பெயர் வயற்கட்டுகளில் மறையவில்லை. குழுவின் பெயர் மாறிக்கொண்டிருக்க, நடுச்சாமத்தில் துரிசடிக்குப் போகிறவரை மக்கள் வட்டவிதானையார் என்றே அழைத்து வந்தனர்.

மாரி பொய்க்காத பெரும்போகத்தில் அவருக்கு அதிக வேலை இல்லை. வானமே பங்கிட்டுவிடும். சிறுபோகத்தில்தான் நீரைப் பற்றிய உண்மை வெளிப்படும். சாகாமக் குளத்தை அண்டிய வயல்களாயினும் சரி, வேறெந்தக் குளத்து வயல்களாயினும் சரி, மேல்மடைக்காரன் வாயை வெட்டிவிட்டு வீட்டுக்குப் போய் உறங்கலாம். கடைமடைக்காரனோ இரவு முழுவதும் வரம்பில் குந்தியிருந்து, வாய்க்காலின் ஈரமணலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். வட்டவிதானையாருக்கு இதில் ஒரு வழக்கம் இருந்தது. முறை வைத்து நீர் விடும் நாட்களில், கொப்பியில் ஒரு முறையை நிறைவேறியதாகக் குறிக்குமுன் அவர் கடைசி வயல்வரை நடந்து போவார். அங்கே சேற்றில் கால் புதைந்த பிறகே குறிப்பார். துரிசு இத்தனை நாழிகை திறந்திருந்தது, ஆகவே இத்தனை நீர் போயிருக்கும் என்று கணக்குச் சொல்வதை அவர் ஏற்பதில்லை. அந்த நடையிற் பாதி வீண் அலைச்சல் என்று ஊரார் சிரித்ததும் உண்டு.

அந்த மகன் நெல்லை விட்டுக் கணனிக்குப் போனவர். 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குச் சற்று முன்னர் கொழும்பில் கணனி இயக்குநர் பயிற்சி ஒன்றைப் பெற்றிருந்தார். கலவரத்தின் பின் அந்நகரில் இருக்க மனமின்றி, 1984இல் வளைகுடா நகரொன்றுக்குச் சென்று, வங்கி ஒன்றின் கணனிக் கூடத்தில் இரவு நேர நாடா இயக்குநராகச் சேர்ந்தார். நாடாச் சுருள்களை அலுமாரியிலிருந்து எடுத்துப் பொறியில் மாட்டுவதும் கழற்றுவதுமே முதல் மூன்று ஆண்டு வேலை. கூடம் குளிர், வெளியே பாலை வெக்கை. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணனி, மெயின்பிரேம் என்று உலகம் அழைப்பது, அலுமாரி வரிசைபோல நின்றிருந்தது.

பெருங்கணனி என்றதும் அதன் வேகத்தைக் குறித்தே பலரும் வியப்பர். அதனை இயக்குவோர்க்கு வேகம் ஒரு பொருட்டன்று, பங்கீடே பொருட்டு. ஒரே இயந்திரத்தை ஒரே நொடியில் நூற்றுக்கணக்கானோர் கேட்கின்றனர். கருமபீடத்தில் நிற்கும் வாடிக்கையாளரின் மீதியைப் பார்க்க வேண்டும். மாத முடிவு வட்டியைக் கணிக்க வேண்டும். நாளைய அறிக்கைகளை அச்சிட வேண்டும். மையச் செயலகம், நினைவகம், வட்டுகளுக்குச் செல்லும் தடங்கள் ஆகிய மூன்றுமே அங்குள்ள நீர். யாருக்கு எப்போது எவ்வளவு என்பதே கேள்வி.

ஆதியில் இக்கேள்விக்கு மனிதனே விடையளித்தான். துளையிட்ட அட்டைக் கட்டுகளைப் பீடத்தில் ஒப்படைத்துவிட்டு மறுநாள் வந்து விடை பெறுவது ஒரு தலைமுறையின் அனுபவம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் மேற்கு ஜேர்மனியின் உதவியுடன் 1973இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370/155 இயந்திரத்தின் முன்னால் அவ்வாறு காத்திருந்த தமிழ் மாணவர்கள் இன்று முதியோர். எந்தக் கட்டு முதலில், எது பின்னர் என்பதில் இயக்குநரின் சொல்லுக்குப் பெறுமதி இருந்தது. அவரோடு தேநீர் குடித்தவனின் கட்டு மேலே போகும் என்ற முணுமுணுப்பு இத்தகைய எந்தக் கூடத்திலும் எழக்கூடியதே.

1964இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். சிஸ்டம்/360 வரிசையின் இயக்கமுறைமை பல பணிகளை ஒருசேர நினைவகத்தில் வைத்துக்கொள்ளக் கற்றது. அடுத்து, வட்டின் ஒரு பகுதியையும் நினைவகமாகப் பாவிக்கும் மெய்நிகர் நினைவக முறை வந்தது. இதனோடு ஒரு நோயும் வந்தது. அளவுக்கு மிஞ்சிய பணிகளை உள்ளே விட்டால், ஒவ்வொன்றும் தன் பக்கங்களைக் கொண்டுவர மற்றொன்றின் பக்கங்களை வெளியே தள்ளும். அதுவும் உடனே திரும்பி வந்து இதனைத் தள்ளும். இயந்திரம் ஓயாது உழைக்கும். எந்தப் பணியும் முடியாது. பீற்றர் டெனிங் என்ற அமெரிக்க அறிஞர் 1968இல் இந்நோயின் காரணத்தைத் தெளிவாக எழுதினார். ஒரு பணிக்கு அந்நேரத்துக்கு உண்மையில் வேண்டிய பக்கங்கள் எத்தனை என்பதை அறிந்து, அத்தனைக்கும் இடமிருந்தால் மட்டுமே அதனை உள்ளே விடவேண்டும் என்பது அவர் கண்ட மருந்து. இதனை அந்த மகன் முதன்முதற் படித்தபோது வியப்படையவில்லை. குளத்தில் நீர் குறைந்த ஆண்டில் எல்லா வயலையும் விதைத்தால் எந்த வயலும் விளையாது என்பது அவருடைய ஊரில் ஒவ்வொரு சிறுபோக ஆரம்பக் கூட்டத்திலும் பேசப்படும் செய்தி.

1974இல் வெளிவந்த எம்.வி.எஸ். இயக்கமுறைமையில் முறைமை வள முகாமையாளர் என்ற ஓர் உறுப்பு இடம்பெற்றது. எந்தப் பணி எவ்வளவு சேவை பெற்றது என்பதை அது இடைவிடாது அளந்தது. மிகையாகப் பெற்றதை வெளியே அனுப்பியது. காத்திருந்ததை உள்ளே அழைத்தது. மனித இயக்குநர் செய்துவந்த பங்கீட்டை இயந்திரம் தானே செய்யத் தொடங்கியது என இதனைச் சொல்லலாம். ஆயினும் அதற்குரிய விதிகளை எழுதுவது பெருந்துன்பம். பணிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரே வேளையில் எத்தனை உள்ளே இருக்கலாம் என்பதற்குக் கீழெல்லையும் மேலெல்லையும் குறித்து, முன்னுரிமை இலக்கங்களை இட்டு நிரப்ப வேண்டும். ஒரு இலக்கத்தைத் தொட்டால் மற்றொரு மூலையில் ஏதோ ஒன்று நொண்டும். படிப்படியாக உயர்ந்து 1990 அளவில் அவ்வங்கியின் முறைமைப் பிரிவில் அமர்ந்துவிட்ட வட்டவிதானையாரின் மகன், அந்த இலக்கங்களோடு மல்லாடியே தன் தலைமயிர் கொட்டியதாக வேடிக்கையாகச் சொல்வார். அந்த இலக்கங்கள் யாவும் வழியைச் சொல்வன. இன்ன மதகை இத்தனை அங்குலம் திற என்பது போன்றவை. எந்த வயல் நனைய வேண்டும் என்பதை அவற்றுள் எங்கும் காண முடியாது.

1994இல் எம்.வி.எஸ்.இன் புதிய பதிப்போடு வந்த வேலைச்சுமை முகாமையாளர் இதனைத் தலைகீழாக்கிற்று. வழியைச் சொல்லாதே, இலக்கைச் சொல் என்றது அது. கருமபீடத்துக் கேள்விகளில் நூற்றுக்குத் தொண்ணூறு அரை நொடிக்குள் விடை பெறவேண்டும் என்று எழுதினாற் போதும். நீண்ட தொகுதிப் பணிகளுக்கு வேறுவகை இலக்கு: அவை வளத்தைப் பெற்று இயங்கிய நேரத்தையும் வளத்துக்காகக் காத்து நின்ற நேரத்தையும் ஒப்பிட்டு, நூற்றுக்கு இத்தனை பங்கு இயங்கவேண்டும் எனலாம். ஒவ்வொரு இலக்குக்கும் 1 முதல் 5 வரை முக்கியத்துவம் குறிக்கலாம். 1 மிக மேலானது. எஞ்சியதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அது விநாடிக்கு நான்கு தடவை ஒவ்வொரு பணியின் நிலையையும் எட்டிப் பார்க்கும். பத்து விநாடிக்கு ஒருமுறை கணக்கெடுத்து, யார் இலக்கைத் தவறவிட்டவர், அவருக்கு எந்த வளத்திற் குறை, யாரிடமிருந்து எடுத்தால் அவர் தன் இலக்கை இழக்காமல் இருப்பார் என்று முன்கூட்டியே கணித்து, அதன் பின்னரே கை வைக்கும். பெறுவோர் என்றும் கொடுப்போர் என்றும் அதன் நூல்களில் இரு சொற்கள் உண்டு. நாள் முழுதும் பத்து விநாடிக்கு ஒருமுறை வாய்க்காலின் முழு நீளமும் நடந்துவரும் வட்டவிதானையார் ஒருவர் இருந்தால் எப்படி இருக்கும்? அதனை அவ்வியந்திரத்தின் உள்ளே காணலாம் எனலாம்.

வெற்றி தோல்வியைச் சொல்ல ஒரு சுட்டெண் உண்டு. இலக்கைச் சரியாக எட்டினால் 1. தவறவிட்டால் 1இலும் கூடும். இலக்கினும் மேலாக நடந்தால் 1இலும் குறையும். காலையில் வந்து இந்த எண்களின் நிரலைப் பார்த்தால் இரவு எப்படிக் கழிந்தது என்று ஒரு பார்வையிலே தெரியும்.

இலக்கே இல்லாத ஒரு வகுப்பும் உண்டு. டிஸ்கிரஷனரி என்பது அதன் பெயர். மிச்சத்தில் வாழ்வது என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம். மற்ற எல்லாரும் தத்தம் இலக்கை எட்டிய பின் ஏதும் மீந்தால் இதற்குக் கிடைக்கும், மீறாவிட்டால் கிடையாது. விதிகளில் எங்குமே பெயர் குறிக்கப்படாத தொகுதிப் பணி ஒன்று வந்து சேர்ந்தால் இயந்திரம் அதனைத் தள்ளிவிடாது. சிஸ்-அதர் என்ற பொதுக் கூடையில் இடும். அந்தக் கூடையும் மிச்சத்தில் வாழ்வதே. இலக்கில்லாத பணிக்குச் சுட்டெண் எப்படிக் கணிப்பது? அமைத்தவர்கள் அதற்கு நிலையான ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டனர். அந்த எண் 0.81. ஒரு துளி நீரும் கிடைக்காத இரவிலும் 0.81, வெள்ளம் பாய்ந்த இரவிலும் 0.81. 1இலும் குறைவு; ஆகவே எந்நாளும் திருப்தி.

இதில் அமைத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இலக்கில்லாததை அளக்க முடியாது. அளக்கமுடியாததற்கும் கணக்கில் ஓர் இடம் வேண்டியிருந்தது. இலக்கை மிக மிஞ்சி எட்டிவிட்ட சில பணிகளைச் சற்று அடக்கி, மிச்சத்தில் வாழ்வோர்க்கு ஏதேனும் கசியவிடும் ஏற்பாட்டையும் பின்னர் அவர்களே சேர்த்தனர். 1998 ஜனவரியில் அவ்வேற்பாடு அந்த வங்கியில் இருக்கவில்லை.

அவ்வங்கி 1997இல் புதிய முறைக்கு மாறியது. விதிகளை எழுதியவர் தம்பிலுவிலார். எந்தப் பெயரில் தொடங்கும் பணி எந்த வகுப்பைச் சேரும் என்ற பட்டியலை இரண்டு மாதம் இருந்து எழுதினார். பிரிவுத் தலைவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பணிகளுக்கு முக்கியத்துவம் 1 வேண்டுமென்று வந்து நின்றனர். அதனையும் பொறுமையாகச் சமாளித்தார். மாற்றம் நடந்த இரவின் மறுநாட் காலை எல்லாச் சுட்டெண்களும் 1இன் கீழே நின்றன. தலைமயிர் இனிக் கொட்டாது என்று அவர் நினைத்த காலம் அது.

அந்த ஆண்டின் இறுதியில் வங்கி ஒரு புதிய பணியை ஏற்றுக்கொண்டது. ஆசிய நாட்டுத் தொழிலாளர் தம் ஊர்களுக்கு அனுப்பும் சிறு சிறு தொகைகளைத் திரட்டி, நாட்டுவாரியாகப் பிரித்து, இரவிலே அனுப்பும் பணி. கட்டடத் தொழிலாளர், சாரதிகள், வீட்டுப் பணிப்பெண்கள் ஆகியோரின் பணம். அப்பணியின் பெயர் புதிய எழுத்துகளில் தொடங்கியது. பட்டியலில் அவ்வெழுத்துகள் இல்லை. அதனைச் சேர்க்க வேண்டுமென்று யாரும் வந்து நிற்கவில்லை. அந்தப் பணத்துக்குப் பிரிவுத் தலைவர் என்று ஒருவர் இருக்கவில்லை. அது அமைதியாகப் பொதுக் கூடைக்குள் விழுந்தது. இரவில் இயந்திரத்துக்கு ஓய்வு நிறைய இருந்தமையால் நாற்பது நிமிடத்தில் முடிந்து வந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை, கவனிக்கக் காரணமும் இல்லை.

1998 ஜனவரியில் நோன்புப் பெருநாள் மாதத்தின் கடைசி நாட்களில் வந்தது. பெருநாளுக்காகச் சம்பளங்கள் முந்திக்கொண்டன. மாத முடிவுக் கணக்குகளும் சேர்ந்துகொண்டன. பணப்பொறிகளின் முன் நள்ளிரவிலும் வரிசை. இயந்திரம் இரவு முழுதும் நிறைந்து ஓடிற்று. மூன்று இரவுகள் தொழிலாளரின் பணத்தை அனுப்பும் பணி தொடங்கியது, முடியவில்லை. இயக்குநர்களின் திரையில் அது ஓடிக்கொண்டிருப்பதாகவே காட்டியது. உள்ளே அமர்ந்திருந்தது என்பதும் உண்மையே. அதன் முறை வரவில்லை. மூன்று காலையும் நிரலில் எல்லா எண்களும் 1இன் கீழே. அடியில் ஒரு வரி: 0.81.

அக்கரைப்பற்றைச் சேர்ந்த கட்டடத் தொழிலாளி ஒருவர் அவருக்குப் பழக்கம். வெள்ளிக்கிழமைகளில் அறைக்கு வந்து ஊர்க் கதை பேசிப் போவார். தம்பிலுவிலார் அவரைக் காக்கா என்பார். மூன்றாம் நாள் மாலை அவர் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை.

“தம்பி, காசு இன்னும் வூட்ட போய்ச் சேரல்லயாம். பெருநாள் நாளைக்கோ மறுநாளோ. புள்ளயளுக்கு உடுப்புத் தைக்கக் குடுத்திரிக்காள். தையல்காரன் காசில்லாமத் தாரானில்லயாம்.”

போர்க்காலம். ஊருக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை பேசுவதே பெரும்பாடு. அந்தச் செய்தி எத்தனை வாய் மாறி வந்து சேர்ந்ததோ தெரியாது. அவர் உடனே வங்கிக்குப் போனார். பட்டியலை எடுத்தார். பத்து நிமிடத்திற் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு வரி சேர்த்துப் புதிய கொள்கையை நடைமுறைப்படுத்த இயந்திரத்தை நிறுத்தவும் வேண்டியிருக்கவில்லை. மூன்று இரவு முடியாத பணி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. ஆனால் அதற்குள் விடுமுறை தொடங்கிவிட்டது. ஊரிலுள்ள வங்கிகளில் அந்தப் பணம் பெருநாளுக்குப் பின்னரே வரவு வைக்கப்பட்டது.

வங்கியில் யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை. கேட்பதற்கு அறிக்கையில் ஒரு பிழையும் இல்லை. காக்காவிடம் மட்டும் அவர் விடை சொல்ல வேண்டியிருந்தது. “கம்பியூட்டர் பிழை, காக்கா” என்றார். காக்கா தலையசைத்துக்கொண்டு போனார்.

இந்தச் சொல்லே பின்னர் அவரை உறுத்தியது. இயந்திரம் அணுவளவும் பிழை செய்யவில்லை. சொன்னதைச் சொன்னபடி, பத்து விநாடிக்கு ஒருமுறை, சோர்வின்றிச் செய்தது. அது பழைய முறையினும் நேர்த்தியாகச் செய்ததே காக்காவின் பிள்ளைகளுக்குக் கேடாயிற்று. பழைய முறையில் ஒழுங்கீனம் இருந்தது. ஒரு கூட்டத்துக்கு ஒதுக்கியது வீணே வழிந்து பெயரில்லாதவற்றுக்கும் எட்டும். புதிய முறையில் வழிவது குறைந்தது. ஒவ்வொரு துளியும் பெயருள்ள ஒருவரின் இலக்கைத் தேடிப் போயிற்று.

தந்தைக்கு அவர் இதனைக் கடிதமாக எழுதினார். கணனி பற்றி ஒன்றும் அறியாத அம்முதியவருக்கு விளங்கும்படி, துரிசு, வாய்க்கால், வட்டை என்றே எழுதினார். இரண்டு மாதங்கழித்து வந்த மறுமொழியில் ஊர்ச் செய்திகள் ஒரு பக்கம் இருந்தன. பசு கன்று ஈன்றது, கண்ணகி அம்மன் கோவிலடிக் காணி வேலி, தங்கையின் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்தது. கடைசியில் ஒரு கேள்வி: “கடைசி வயலை ஆர் போய்ப் பார்த்தது?”

இவ்விடத்திற் கல்லோயாவை எண்ணிப் பார்த்தல் தகும். பட்டிப்பளை ஆறு என்று தமிழர் அழைக்கும் அவ்வாற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய பெருங்குளத்தின் இடதுகரை வாய்க்கால்கள் முப்பதாண்டுக்குள் சீர்குலைந்தன. மேலே குடியேறிய சிங்கள விவசாயிகள் நீரைப் பெற்றனர். கடைமடையிலிருந்த தமிழ் விவசாயிகளுக்கு அது வந்து சேரவில்லை. 1979இல் அமெரிக்க உதவியுடன் புனரமைப்புத் தொடங்கியபோது, கொழும்பின் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து வாய்க்கால்தோறும் விவசாயிகளை ஒருங்கிணைக்க இளைஞரை அனுப்பின. 1981இல் குளத்தில் நீர் மிகக் குறைந்திருந்த வேளையிலேயே இம்முயற்சி தொடங்கியது. மேல்மடை விவசாயிகள் முறைவைத்து நீரைச் சேமித்துக் கீழே அனுப்பத் தொடங்கினர். இதனைப் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் பின்னர் 1992இல் நூலாக எழுதி உலகறியச் செய்தார். மேல்மடைக்காரரும் கடைமடைக்காரரும் சேர்ந்து செயற்பட அவ்விளைஞர்கள் வழி செய்தனர். இன முரண்பாடு முற்றிக்கொண்டிருந்த அவ்வாண்டுகளில் இது நடந்தது என்பது எளிதாகக் கடந்து போகக்கூடிய செய்தியன்று.

தம்பிலுவிலார் 2011இல் ஊர் திரும்பினார். 2002இல் வந்த பதிப்போடு பழைய இலக்க முறையை ஐ.பி.எம். முற்றாகக் கைவிட்டிருந்தது, இலக்கு முறை மட்டுமே எஞ்சியது. கடைசி நாள்வரை அவர் காலையில் நிரலை அடியிலிருந்து மேலாகவே வாசித்தார் என்பர். சிஸ்-அதர் வரியில் சுட்டெண்ணைப் பாராமல், அந்தக் கூடைக்குள் நேற்றிரவு எந்தெந்தப் பெயர்கள் விழுந்தன என்று பார்ப்பார். பெயர் ஏதும் இருந்தால் அது யாருடையது என்று விசாரிக்கப் புறப்படுவார்.

ஊர் வந்த புதிதில் அக்கரைப்பற்றுச் சந்தையில் காக்காவைக் கண்டார். தாடி நரைத்துவிட்டது. தேநீர்க்கடையில் அமர்ந்து பழங்கதை பேசுகையில் காக்காவே அந்தப் பெருநாளை எடுத்தார். பிள்ளைகள் பழைய உடுப்போடு தொழுகைக்குப் போன கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லி, “கம்பியூட்டர் செஞ்ச வேல” என்றார்.

“இல்லை காக்கா. பட்டியல் எழுதினது நான். உங்கட பணத்தை அதில எழுத மறந்திட்டன்.”

காக்கா சற்று நேரம் அவர் முகத்தைப் பார்த்தார். “அன்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார். இன்னொரு தேநீருக்குச் சொன்னவரும் அவரே. காசையும் அவரே கொடுத்தார், தம்பிலுவிலாரை விடவில்லை.

2017இல் நாடெங்கும் வரட்சி. அச்சிறுபோகத்தில் தம்பிலுவிலார் தம் வட்டையின் விவசாய அமைப்புக்குச் செயலாளராக இருந்தார். ஆரம்பக் கூட்டத்தில் முறைப்பாசனத்தைக் கண்டிப்பாக நடத்துவதென்று முடிவாயிற்று. துரிசு திறக்கும் நேரமும் மூடும் நேரமும் எழுதப்பட்டன. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் வரம்பை ஒருவர் அண்டிச் செய்யும் வட்டை அது. சென்ற ஆண்டுகளின் சச்சரவுகள் அவ்வாண்டு இல்லை. எல்லாக் கிளை வாய்க்கால்களும் முறைப்படி நீர் பெற்றன. ஒரு சொட்டும் வீண்போகவில்லை என்று கூட்டத்திற் பாராட்டும் நடந்தது.

அன்றிரவு அவர் ரோச்சை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கடைசி வயல்வரை நடந்தார். அங்கே கால் நனைந்தது. திரும்பாமல், வயல்களின் எச்சநீரைக் கொண்டுபோகும் கழிவு வாய்க்கால் வழியே மேலும் நடந்தார். வாய்க்கால் காய்ந்து வெடித்திருந்தது. அதன் முடிவில், உவர்நிலத்தை அண்டி, துண்டு துண்டாகப் பத்துப் பதினைந்து வயல்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவை. மேல்வயல்களிலிருந்து வீணாக வழிந்ததை மறித்து இத்தனை காலம் விளைந்தவை. இவ்வாண்டு வழிவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நாற்றுகள் ரோச் வெளிச்சத்தில் வைக்கோல் நிறமாய்த் தெரிந்தன.

வரம்பில் ஒரு பெண் குந்தியிருந்தாள். கணவனை இழந்தவள், தம்பிலுவிலிலிருந்து அப்பக்கம் போய்க் குடியிருப்பவள். வெளிச்சத்தைக் கண்டு எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“தண்ணி வராதா ஐயா இந்தமுறை?”

அவர் கொப்பியை எடுத்து, முறைப்பட்டியல் முடிந்த பக்கத்தைத் திருப்பி, புதிய பக்கத்தை விரித்தார். ரோச்சை அவளிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்.

“எத்தனை ஏக்கர் பிள்ளை?”

“முக்கால் ஏக்கர்தான்.”

“அடுத்த வயல் ஆரிட?”